ஊரைக் கேட்காமல் வைத்த கடை

பொருநை நாட்டு வரலாறு – 17

பொருநை எனும் தாமிரபரணியின் அணைகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை எழுந்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த அணைத் தண்ணீர் பாயும் வயல்களைத் தாண்டித் தெற்கே போனால் நிலம் சட்டென்று நிறம் மாறும். நெல் முடிந்து செம்மணல் தேரி தொடங்கும். நாசரேத், மெஞ்ஞானபுரம், உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை, இடையன்குடி என்று கடலோரம் வரை பனைதான். பனையை நம்பித்தான் அங்கே குடும்பம், கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம்.

அந்தப் பனையின் சாற்றை எங்கே விற்கலாம், யார் விற்கலாம், எந்த ஊரில் கடை வைக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது? இந்தக் கேள்வியை வைத்து 1880-களின் கடைசியிலிருந்து ஒரு தலைமுறைக்கும் மேலாக நடந்த போராட்டம்தான் இந்த அத்தியாயம். மதுவிலக்கு என்றதும் 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியதும், அதற்கு முன் காங்கிரஸ் தொண்டர்கள் செய்த கள்ளுக்கடை மறியலும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னால் மனு எழுதியவர்களும், சபை கூட்டியவர்களும், ஊர்க் கட்டுப்பாடு போட்டவர்களும் இருந்தார்கள். ‘குடிக்காதே’ என்று குடிப்பவனுக்குப் புத்தி சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. ‘எங்கள் ஊரில் கடை வைக்க உனக்கு அனுமதி தந்தது யார்’ என்று சர்க்காரைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியின் கனத்தை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். பங்குனியில் பாளை விடத் தொடங்கும்போது பனையேறியின் வேலையும் தொடங்கும். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார், ஏறத் தொடங்கும் இடத்தில் சாய்த்து வைக்க முருக்குத்தடி. பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, அடியில் கலயத்தைக் கட்டி இறங்க வேண்டும். காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து சாறு குறையும். ஒரு ஆள் நாளொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது மரம் வரை ஏறுவான். ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு தடவை என்றால் அவன் கால்களும் நெஞ்சும் என்ன பாடுபட்டிருக்கும்! பனையேறியின் நெஞ்சில் காய்ப்பு ஏறியிருக்கும். தவறி விழுந்து முடங்கியவர்களும் செத்தவர்களும் இல்லாத ஊர் தேரிக்காட்டில் கிடையாது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதனி. குடும்பத்துப் பெண்கள் அதை விடிலி என்னும் ஓலைக் குடிசையில் வைத்துக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு வெயில் ஏறுவதற்குள் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, ஆள் ஒன்று, உழைப்பு ஒன்று. இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

திருநெல்வேலியின் தென்பகுதியில் பனையேறிகளின் முக்கியமான தொழில் கருப்பட்டிதான். பதனி பசியாற்றும்; கருப்பட்டி கடனை அடைக்கும். 1841-இல் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டு அங்கே வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல், 1849-இல் பனையேறும் மக்களைப் பற்றி எழுதிய நூல் அந்தச் சமூகத்தைப் புண்படுத்தியது. அதற்கு எழுந்த எதிர்ப்பு அவர் காலம் முழுவதும் அடங்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் மரம் ஏறுவதையும் சாறு காய்ச்சுவதையும் பக்கத்திலிருந்து பார்த்து அவர் எழுதிய பகுதிகளில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. பனையேறி என்றாலே கள் இறக்குபவன் என்று வெளியூர்க்காரர்கள் கட்டிய பெயர் இந்த மண்ணுக்குப் பொருந்தாது. இங்கே பனை முதலில் உணவு. குடியெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

குடி முன்பு இல்லாமல் இல்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாராயமும் கள்ளும் படையலில் இருந்தன. நடவு முடிந்த மாலையில் கள் குடித்தவர்கள் ஆற்றங்கரை ஊர்களில் எப்போதும் இருந்தார்கள். கம்பெனி ஆட்சி மாற்றியது குடியின் அளவை மட்டும் என்று சொல்வது போதாது. அது கடையை உண்டாக்கியது. ஊருக்கு வெளியே எப்போதோ ஒரு நாள் இருந்ததைத் தினமும் திறந்திருக்கும் கடையாக்கி, அந்தக் கடைக்கு ஒரு விலை வைத்து, அந்த விலையை வருஷா வருஷம் உயர்த்தியது.

1801-இல் நவாபிடமிருந்து திருநெல்வேலிச் சீமை முழுவதுமாகக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஏழே ஆண்டுகளில், 1808-ஆம் ஆண்டின் முதல் ரெகுலேஷன், சாராயமும் கள்ளும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் முறையை மதராஸ் ராஜதானி முழுவதற்கும் சட்டமாக்கியது. 1864-இல் ஒரு அப்காரிச் சட்டம், அதாவது மது வரிச் சட்டம், வந்தது. அதை மாற்றி 1886-இல் இன்னொன்று வந்தது. பின்னர் வந்த எல்லாச் சண்டைகளும் இந்த 1886 சட்டத்தின் பிரிவுகளைச் சுற்றியே நடந்தன.

அந்தச் சட்டம் கள் என்பதற்குத் தந்த விளக்கத்தைப் படித்தால் தேரிக்காட்டுக்கு என்ன நேர்ந்தது என்பது புரியும். பனை, தென்னை, ஈச்சை முதலிய மரங்களிலிருந்து இறக்கும் சாறு, புளித்தாலும் சரி, புளிக்காவிட்டாலும் சரி, சட்டத்தின் கண்ணில் கள்தான். பதனிக்கு விலக்கு உண்டு. ஆனால் அது சலுகை. கலயத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு ஏறுபவனுடையது. சுண்ணாம்பு போதவில்லை என்று அப்காரிச் சேவகன் சொன்னால் வழக்கு. பிள்ளைகளுக்குக் கருப்பட்டி காய்ச்சும் குடும்பம் தன் மரத்தடியில் தானே குற்றவாளியாக நிற்கும் நிலை அது. சேவகனுக்குக் கைநீட்டம் கொடுத்துத் தப்பும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. மதுவை எதிர்த்தவர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் பின்னால் பல கசப்புகளைத் தவிர்த்திருக்கலாம்.

கள் இறக்குவதற்கோ வேறு முறை. மரத்துக்கு வரி கட்ட வேண்டும். பனைக்கு ஒரு விகிதம், தென்னைக்கு ஒரு விகிதம். வரி கட்டிய மரத்தில் அடையாளம் போடுவார்கள். அந்தக் கள்ளை விற்கும் கடை தனியே ஏலத்துக்கு வரும். இருபதாம் நூற்றாண்டில் கள்ளுக்கடைக் குத்தகையின் புது வருஷம் அக்டோபர் முதல் தேதி பிறக்கும். அதற்கு முன் தாலுகா தாலுகாவாக ஏலம் நடக்கும். கடை எண்ணைக் கூப்பிடுவார்கள். போன வருஷத் தொகையைச் சொல்வார்கள். அதற்கு மேலே கேட்பவனுக்குக் கடை. பிற்காலத்தில் மதுவிலக்கு ஆணைகளெல்லாம் ஏன் அக்டோபரிலேயே வந்தன என்பதற்கு விடை இந்த ஏலக் கணக்கில் இருக்கிறது.

ஏலத்தில் எடுத்தவன் என்ன செய்வான்? போட்ட பணத்தை ஒரே வருஷத்துக்குள் எடுத்தாக வேண்டும். அடுத்த வருஷம் கடை அவனுக்குக் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஆகவே எத்தனை பேரைக் குடிக்க வைக்க முடியுமோ அத்தனை பேரைக் குடிக்க வைப்பான். கடன் கொடுப்பான். அறுப்பு நடக்கும் களத்துக்குப் பக்கமாகக் கடையை வைக்கப் பார்ப்பான். சந்தை நாள், கொடை நாள், சம்பள நாள் மூன்றையும் அறிந்து வைத்திருப்பான். இதற்கெல்லாம் அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஏலத் தொகையை உயர்த்தியவர்கள் சர்க்கார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

தேரியைவிட இதனால் அதிகம் அடிபட்டது ஆற்றுப் பாசன நாடு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வரையிலான வயல்களில் காரும் பிசானமும் என்று வருஷத்துக்கு இரண்டு போகம். வயல் வேலை செய்த பள்ளர், பறையர் குடும்பங்களுக்குக் கூலி நெல்லாக வரும். அறுப்புக் காலத்தில் கையில் நெல் இருக்கும். மற்ற மாதங்களில் கடன்தான் இருக்கும். கடை நின்றது அந்தக் கடனுக்கும் நெல்லுக்கும் நடுவில். 1876-இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. 1880-களில் பாபநாசத்தின் அருகே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு நூல் ஆலையை ஓட்டினார்கள். தூத்துக்குடியில் கோரல் ஆலை எழுந்தது. முதன்முறையாக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கினார்கள். அதைவிட ஏற்ற நாள் கடைக்காரனுக்கு வேறு எது?

மதுவுக்கு எதிராக முதலில் அமைப்பாகப் பேசியவர்கள் கிறிஸ்தவ சபையினர். அதற்குக் காரணம் உண்டு. பாதிரிமார்கள் வந்த நாடுகளில் அந்த நூற்றாண்டே மது எதிர்ப்பு நூற்றாண்டு. கால்டுவெல் படித்த கிளாஸ்கோவில் 1829-லேயே மதுவிலக்குச் சங்கம் தோன்றிவிட்டது. 1799-இல் தாவீது சுந்தரானந்தம் காலத்தில் உருவான முதலூர் தொடங்கி, நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று எழுந்த கிறிஸ்தவ ஊர்களில் சபைக் கட்டுப்பாடு வலுவாக இருந்தது. குடித்துவிட்டு வந்தவனைச் சபையிலிருந்து விலக்கி வைக்க முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் வாக்குறுதி வாங்க முடிந்தது. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே.சா. அசரியா இந்தச் சூழலில் வளர்ந்தவர். பின்னாளில் தெலுங்குப் பகுதியில் தோர்ணக்கல் பேராயராக இருந்தபோது ஏழை எளிய சபைகளில் மதுவுக்கு எதிராக அவர் உறுதியாக நின்றதற்கு வேர் இந்த மண்ணில் இருக்கிறது.

ஆனால் சபையின் கை சபைக்குள்தான் எட்டும். ஊர் எல்லையில் சர்க்கார் உரிமத்தோடு ஒரு கடை வந்தால் போதகர் என்ன செய்ய முடியும்? ஜாதிக் கட்டுப்பாட்டுக்கும் இதே கதிதான். குடிப்பவனுக்கு அபராதம் என்று ஊர் கூடி முடிவெடுக்கலாம். அந்த முடிவு கடைக் குத்தகைக்காரனின் வருமானத்தைக் குறைத்தால் அவன் அப்காரி அதிகாரியிடம் போவான். சட்டம் அவன் பக்கம். மது எதிர்ப்பாளர்கள் ஒழுக்கப் பிரசாரத்திலிருந்து உரிமப் பிரச்சினைக்கு வந்து சேர்ந்தது இந்த அனுபவத்தால்தான்.

இதை லண்டனுக்குக் கொண்டு போனவர்கள் இருவர். டபிள்யூ.எஸ். கெய்ன், சாமுவேல் ஸ்மித். இருவரும் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர்கள். கெய்ன் இந்தியா வந்து சுற்றிப் பார்த்தவர். 1888-இல் லண்டனில் ஆங்கிலோ இந்திய மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று காமன்ஸ் சபையில் ஸ்மித் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்; கெய்ன் வழிமொழிந்தார். முன்பு கடையே இல்லாத இடங்களிலெல்லாம், மக்களின் எதிர்ப்பையும் மீறி, வருமானத்துக்காக இந்திய சர்க்கார் மதுக்கடைகளைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. வாக்கெடுப்பில் 113 பேர் தீர்மானத்தை ஆதரித்தார்கள், 103 பேர் எதிர்த்தார்கள். இந்திய நிர்வாகத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் அந்தச் சபையில் நிறைவேறுவது அபூர்வம். அந்த டிசம்பரில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபை இதைப் பாராட்டியது.

இந்தத் தோல்வி இந்திய சர்க்காரை உறுத்தியது. 1890 பிப்ரவரியில் அது தன் கொள்கையை எழுதி அனுப்பியது. மதுவின் மீது வரி கூடியவரை உயர்வாக இருக்க வேண்டும். கடைகளின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். உள்ளூர் மக்களின் எண்ணத்தை அறிந்து, அதற்கு நியாயமான அளவு மதிப்புத் தர வேண்டும். இந்தக் கடைசி வாசகம்தான் நமக்கு முக்கியம். ஊரின் விருப்பம் ஒரு சர்க்கார் ஆவணத்தில் ஏறிவிட்டது. அதன் பிறகு கடையை மாற்றச் சொல்லியோ மூடச் சொல்லியோ எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் அது ஒரு பிடி.

பிடி இருந்தது, பலன்? உள்ளூர் எண்ணத்தை யாரிடம் கேட்பது என்பதைச் சொல்லும் விதி இல்லை. கலெக்டர் தாசில்தாரைக் கேட்பார். தாசில்தார் கிராம முன்சீப்பைக் கேட்பார். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி மூன்றுக்கும் 1866-லிருந்து நகராட்சி இருந்தது. ஆனால் அங்கே வாக்குரிமை வரி கட்டும் சிலருக்கு மட்டுமே. 1905-06-இல் இந்திய எக்சைஸ் கமிட்டி விசாரித்து அறிக்கை தந்த பிறகு, நகரங்களில் கடை இடம் பற்றி ஆலோசனை சொல்லக் குழுக்கள் வந்தன. நகராட்சியிலிருந்து சிலர் அதில் உட்கார்ந்தார்கள். ஆலோசனை சொல்லலாம்; தீர்ப்பு கலெக்டருடையது. அப்படியும் அந்தக் குழுக்களில் கோயில் வாசல், பள்ளிக்கூடம், படித்துறை என்று சில இடங்களைக் காப்பாற்றப் பேசியவர்கள் செய்தது சிறிய காரியமில்லை. ஆனால் கடை அங்கிருந்து போய் நின்ற இடம் எது? பெரும்பாலும் ஏழைகள் தெரு. ரதவீதியில் கடை கூடாது என்று சொல்ல ஆள் இருந்தது. சேரியில் கூடாது என்று சொல்ல அந்தக் குழுவில் யாரும் இல்லை. குடியால் அடிவாங்கிய பெண்ணை எந்தக் குழுவும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மது எதிர்ப்பின் தொடக்ககால வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடம் இது.

இடையில் சுதேசி இயக்கம் வந்தது. 1908-இல் புனேயில் திலகரின் ஆட்கள் மதுக்கடை வாசல்களில் நின்று மறியல் செய்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தினார்கள். மார்ச் 12-இல் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. அதன் பிறகு வந்த அடக்குமுறையில் நான்கு பேர் கூடிப் பேசுவதே சந்தேகத்துக்குரியது ஆனது. 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பின் நிலைமை இன்னும் இறுகியது. கூட்டம் போடாமல் மது எதிர்ப்பு எங்கே நடக்கும்?

தூத்துக்குடிக்கு நேர் எதிரே, கடலுக்கு அப்பால், நிலைமை வேறு மாதிரிப் போனது. இலங்கையில் 1912-இல் புதிய எக்சைஸ் சட்டம் வந்தது. கள்ளையும் சாராயத்தையும் தனித்தனிக் கடைகளில் விற்கும் ஏற்பாடு. தீவு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய கள்ளுக்கடைகள் திறக்கும் திட்டம். கொழும்பிலும் கிராமங்களிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. சேனநாயக்க சகோதரர்கள், டி.பி. ஜயதிலக போன்றவர்கள் அரசியலுக்கு வந்த வழி அந்த மது எதிர்ப்புக் கூட்டங்கள்தான். பிறகு அங்கே ஊர் வாக்கெடுப்பு மூலம் கடையை மூடும் உரிமை கிடைத்தது. யாழ்ப்பாணத் தமிழர்கள் அதை நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஸ்காட்லாந்திலும் 1913 சட்டத்தின்படி 1920 முதல் ஊர் ஊராக வாக்கெடுப்பு நடந்தது. அதே மகுடத்தின் கீழ் இருந்த பொருநைக் கரைக்கு அந்த உரிமை வரவில்லை. தோட்ட வேலைக்கு இலங்கை போய்த் திரும்பிய குடும்பங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஏராளம். அக்கரையில் கடை மூடப்பட்ட செய்தி இக்கரைக்கு வராமலா இருந்திருக்கும்?

1910-இல் பொறையாரில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. டி. இரத்தினசாமி நாடார் தொடக்கியது. பின்னர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் வளர்ந்தது. கள் இறக்குவதை விட்டுவிட்டுப் பதனிக்கும் கருப்பட்டிக்கும் கல்விக்கும் வணிகத்துக்கும் திரும்ப வேண்டும் என்று சங்கம் தன் மக்களிடம் வற்புறுத்தியது. இந்தக் குரலில் ஒரு தனி நியாயம் இருந்தது. பனையேறியைக் கள்ளோடு சேர்த்துப் பார்த்து ஒதுக்கிய சமூகத்துக்கு அது பதில். மது எதிர்ப்பை மேலிருந்து கீழே போதித்தவர்கள் நடுவில், மரத்தடியிலிருந்தே எழுந்த மது எதிர்ப்பு என்பதால் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் கள் மரத்தில் கூலி வாங்கியவனுக்கு மறுநாள் சோறு எங்கிருந்து வரும் என்ற கேள்வி அங்கேயும் முழுதாகத் தீரவில்லை. கருப்பட்டி காய்ச்ச விறகு வேண்டும். காய்ச்ச வீட்டில் ஒரு பெண்ணின் முழுநாள் உழைப்பு வேண்டும். சந்தை விலை வேண்டும். கள்ளுக்கோ கடைக்காரன் மரத்தடிக்கே வந்து காசு கொடுத்தான்.

1921-இல் நிலைமை மாறியது. மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தால் அப்காரி, மந்திரிகள் கையில் வந்தது. அதோடு ஒரு பெரிய சிக்கலும் வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் தேடுவதும் இந்திய மந்திரிகளின் பொறுப்பானது. ராஜதானியின் வருமானத்தில் ஏறக்குறைய கால்வாசி மதுவிலிருந்து வந்தது. கடையை மூடினால் பள்ளியை மூட வேண்டும் என்ற வாதம் அன்று பிறந்தது. குடிகாரன் வீட்டுப் பிள்ளைக்கு அவன் குடித்த காசில் பாடம் சொல்லித் தருவதா என்று காந்தி மனம் நொந்து கேட்டது இதைத்தான்.

அதே ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் ஏலத்தின் மீது கை வைத்தது. மனுக்களின் காலம் முடிந்தது. கடை வாசலில் குடிக்க வருபவனைத் தடுப்பது ஒரு வழி; ஏலம் கேட்க வருபவனையே தடுப்பது இன்னொரு வழி. ஏல நாளன்று தாலுகா கச்சேரிக்கு வெளியே தொண்டர்கள் நின்று, கேட்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஈ.வெ. ராமசாமி சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் ஐந்நூறு தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். அதுவரை எந்தக் குழுவும் கேட்காத பெண்களின் குரல் கடை வாசலிலேயே ஒலித்தது. மதராஸ் ராஜதானியில் அந்த ஏப்ரலில்தான் பெண்களுக்குச் சட்டசபை வாக்குரிமையும் கிடைத்திருந்தது. சொத்துள்ள சிலருக்கு மட்டும்தான் என்றாலும் கதவு திறந்தது.

பல இடங்களில் கடைகள் போன வருஷத் தொகைக்குப் போகவில்லை. சிலவற்றைக் கேட்க ஆளே வரவில்லை. 1889-இல் 113 வாக்குகளால் லண்டனில் நிறைவேறிய தீர்மானம் செய்யாததை, தாலுகா கச்சேரி வாசலில் நின்ற தொண்டர்கள் செய்தார்கள். ஆனால் 1922 பிப்ரவரியில் சௌரி சௌரா வன்முறைக்குப் பின் இயக்கம் நின்றது. மறு ஏலத்தில் கடைகள் திரும்பின.

தென் மாவட்டங்களில் மறியலுக்கு எதிர்ப்பும் இருந்தது. அதை மறைப்பது வரலாற்றுக்கு அழகில்லை. கள் இறக்கி வாழ்ந்த நாடார் குடும்பங்கள் பல, தொண்டர்களைத் தங்கள் வயிற்றில் அடிக்க வந்தவர்களாகப் பார்த்தன. தென்னை வெட்டிய தலைவர்களுக்கு வேறு வருமானம் இருந்தது. பனையேறிக்கு அந்த மரமே வருமானம். காங்கிரஸ்காரர்களில் ஒரு சாரார் இந்தப் பிணக்கை ஜாதிப் பிணக்கென்று ஒதுக்கினார்கள். அது தவறு. சுண்ணாம்பு பூசிய கலயத்தோடு இறங்குபவனைச் சேவகன் தொல்லையிலிருந்து விடுவித்து, கருப்பட்டிக்கு நல்ல விலை கிடைக்க வழிசெய்திருந்தால், மறியலுக்கு முதல் ஆளாக வந்து நின்றிருப்பவன் பனையேறிதான். 1934-இல் வார்தாவில் ஜே.சி. குமரப்பாவின் பொறுப்பில் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கிய பிறகுதான் பனை வெல்லம் ஒரு தேசியத் திட்டமாக யோசிக்கப்பட்டது. கஜானன் நாயக் என்ற ஊழியர் அதற்காகவே உழைத்தார். தேரிக்காட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக விடிலியில் செய்து வந்த வேலை அது.

1927 அக்டோபரில் காந்தி தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பேசிவிட்டு நாகர்கோவில் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்து, சுப்பராயன் மந்திரிசபைக் காலத்தில், மதராஸ் சர்க்கார் தன் செலவிலேயே மது எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பணம் ஒதுக்கியது. மாவட்டந்தோறும் பிரசாரக் குழுக்கள் அமைந்தன. ராஜாஜி அப்போது திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை மதுவிலக்குக்காகவே நடத்தத் தொடங்கினார். அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. 1930 ஜனவரியில் காந்தி வைசிராய் இர்வினுக்கு வைத்த பதினொரு கோரிக்கைகளில் முதலாவது, முழு மதுவிலக்கு. மறு ஆண்டு மார்ச் 5-இல் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம் அமைதியான மறியலுக்கு இடம் தந்தது. அந்தக் கோடையில் தொண்டர்கள் மறுபடியும் கடைகளை நோக்கிப் புறப்பட்டார்கள். அக்டோபர் ஏலத்துக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

(தொடரும்)